முகூர்த்த வேட்டியில் ஒரு பச்சைப் பூச்சி

எங்க மச்சான் நல்லகாமனுக்குக் கழுத்துல அட்டை மாட்டுன ஆளக் கண்டாப் போதும், கேபிள்காரனா இருந்தாலும் கையக் கட்டி நின்னுருவாரு. அப்பேர்ப்பட்ட மனுசன், மக கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில, தானா ஒரு ஆபீசத் தேடிப் போயி மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய வேட்டியக் கொடுத்துட்டு வெறுங்கையோட வீட்டுக்கு வந்தாரு. கூடப் போன கிறுக்கன் நான்தான். பேரு மொக்கைச்சாமி. அவரு பொண்டாட்டி தங்கப்பொண்ணு எனக்கு அக்கா. கல்யாணப் பொண்ணு பாண்டிமீனாவுக்கு நான் தாய்மாமன். செல்லூர்ல விசைத்தறிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறேன். அதனால எந்த மிஷினு எதுக்கு ஓடுதுன்னு பாத்தாலே சொல்லிருவேன். அந்த ஆபீஸ் எதுக்கு ஓடுதுன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.

மச்சானுக்கும் செல்லூர்லதான் வீடும் தறியும். அவரு வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை முகூர்த்தத்துல கட்டுற வேட்டியப் பொண்ணோட அப்பன் தன் தறியில தானே நின்னு ஓட்டி எடுக்கணும். ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும். ரெண்டாவது எடுத்தா, பொண்ணுக்கு ரெண்டாங் கல்யாணம்னு அர்த்தமாம். இதை யாரு சொன்னா, எப்பச் சொன்னான்னெல்லாம் கேக்கக் கூடாது. கடையில ஒண்ணு வாங்கிக் கட்டுனா என்னக்கான்னு நான் விளையாட்டுக்குக் கேக்கப்போயி, அக்கா அந்தப் பொங்கலுக்கு எனக்குச் சோறு போடல.

ஐப்பசி மழை விட்டிருந்த நேரம். சுத்துப்பட்டு வயக்காட்டுல இருக்க அம்புட்டுப் பச்சைப் பூச்சியும் சாயங்காலமானா ஊருக்குள்ள ட்யூப்லைட்டத் தேடி வந்துரும். மச்சான் குளிச்சு, தறிக்குச் சூடம் காட்டி, வேட்டிய ஓட்டி முடிச்சு விரிச்சுப் பாத்தா, கரைக்குப் பக்கத்துல எள்ளு மாதிரி பச்சையா ஒண்ணு. பூச்சி. சிறக மடிச்சு, தலையத் தணிச்சு, பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியில ஒட்டிச் செத்துக் கிடக்கு.

அக்கா துடைக்கப் போனா. மச்சான் அவ கையப் பிடிச்சுட்டாரு. துடைக்கப்போயிப் பச்சையா இழுவிருச்சுன்னா என்ன பண்றது? ரெண்டாவது வேட்டிக்கும் வழியில்ல. மாப்பிள்ளை மருதுவோட அம்மா, மேலூர்க்காரம்மா, கண்ணு ரொம்பக் கூர்மை. நிச்சயத்தன்னைக்கு எங்க வீட்டுத் தாம்பாளத்துல இருந்த நெளிவப் பாத்துட்டு, "இது என்ன, எதுலயாச்சும் மோதிருச்சா?"ன்னு நாலு பேருக்கு முன்னால கேட்டவங்க. கறை படிஞ்ச வேட்டியில மகனுக்குத் தாலி கட்ட விடுவாங்களா? மச்சானுக்கு இதான் பயம். சம்பந்தியம்மா கண்ணுல அந்தப் புள்ளி படக் கூடாது. வேட்டி சுத்தமா மாப்பிள்ளை இடுப்புக்குப் போயிச் சேரணும்.

பாண்டிமீனா கே.கே. நகர்ல ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். அவதான் சொன்னா, அவ ஸ்கூலுக்குப் பின்னாடித் தெருவுல பூச்சிக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்குன்னு. என்ன பூச்சின்னு தெரிஞ்சா எதைப் போட்டுக் கறைய எடுக்கலாம்னும் தெரியும்லப்பான்னு கேட்டா. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. எங்கள இதுவரைக்கும் கெடுத்ததெல்லாம் கேக்க நியாயமா இருந்த பேச்சுதான்.

போர்டு கட்டடத்த விடப் பெரிசு. 'தத்துப்பூச்சிப் பேரின நிர்ணய உயர் மையம்'. வாசல்ல காவக்காரரு, பூச்சி உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு கேட்டாரு. செத்துப்போச்சுன்னோம். அப்பச் சரி, உயிரோட இருக்கதெல்லாம் உள்ள விடமாட்டோம்னாரு.

மையத்தோட இயக்குநர் முனைவர் கைலாசநாதன். மெலிஞ்ச ஆளு. எதிர்ல ரெண்டு பேருதான் இருந்தோம், ஆனா மைக் முன்னாடி நிக்கிற மாதிரிதான் பேசுனாரு. மச்சான் வேட்டிய விரிச்சு, ஐயா, இந்தப் பூச்சி, சோப்புப் போட்டாப் போகுமான்னு கேட்டாரு.

"பூச்சி என்று நீங்கள் சொல்கிறீர்கள். மையம் இன்னும் சொல்லவில்லை" என்றார் இயக்குநர். "எந்தப் பேரினம் என்றே தெரியாத ஒன்றுக்குச் சோப்புப் போடுவது, யார் என்றே தெரியாதவருக்குத் தாலி கட்டுவதற்குச் சமம்."

பேரினம்னா என்னங்கய்யான்னு கேட்டதுக்குத்தான் அரை மணி நேரம் போச்சு. எனக்கு விளங்குன வரைக்கும், நம்ம ஊர்ல வகையறாம்பமே, அதுதான். தத்துற பூச்சியில ஆயிரக்கணக்குல வகையறா இருக்காம். பாக்க அம்புட்டும் ஒண்ணு போலத்தான் இருக்குமாம். உறுப்ப வச்சுத்தான் பிரிக்கணுமாம். பின்னங்கால்ல சீப்புப் பல்லு மாதிரி முள்ளு வரிசையா இருக்கணும். பெரிய கண்ணு ரெண்டு போக, குட்டிக் கண்ணு ரெண்டு உண்டு. அது உச்சந்தலையில இருக்கா, தலை விளிம்புல இருக்கா, மூஞ்சியில இருக்கான்னு பாக்கணும். சிறகுல நரம்பு எப்படி ஓடுதுன்னு பாக்கணும். இதெல்லாம் பாத்தாலும் கடைசித் தீர்ப்பு வால்நுனிக்குள்ளதான் இருக்காம். ஆண் பூச்சியோட வால்நுனிய அறுத்து, மருந்துல ஊறப்போட்டு, உள்ள இருக்க கொக்கி எப்படி வளைஞ்சிருக்குன்னு பாத்தாத்தான் வகையறா உறுதியாகும்.

பொம்பளப் பூச்சியா இருந்தா என்னங்கய்யா பண்ணுவீகன்னு கேட்டேன்.

"பெண்ணுக்குப் பெயர் சொல்வது சிரமம். தனித் தட்டில் வைத்துவிடுவோம். பக்கத்தில் ஆண் ஏதாவது அகப்பட்டால், அவருடன் இருந்தவர் என்று குறித்துக்கொள்வோம்."

இதை அக்காகிட்டச் சொல்லாம இருந்திருக்கணும், சொல்லிட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னாங்கிறத இங்க எழுத முடியாது.

உறுப்புக்கு உறுப்பு மையத்துல ஒரு பிரிவு. தலைப் பிரிவுக்கு முனைவர் விஸ்வநாத். பின்கால் பிரிவுக்கு முனைவர் ஸ்யாமளா. வால்நுனிக்கு இயக்குநரே. சிறகுப் பிரிவுல இருந்தவரு ரிட்டையர் ஆயிட்டாரு, புது ஆளு போடல. அதனால எங்க பூச்சிக்குச் சிறகு இருக்கா இல்லையான்னு மையத்துக்கு அதிகாரபூர்வமாத் தெரியாது. கண்ணுக்குத் தெரியுதே சார்னேன். தெரிவது வேறு, பிரிவு சொல்வது வேறுன்னுட்டாங்க. வேட்டிய வச்சுட்டுப் போங்க, நாலு நாள் கழிச்சுப் பேரின நிர்ணயக் கூட்டம், வந்து வாங்கிக்கங்கன்னாரு இயக்குநர். மச்சான் வேட்டிய நாலா மடிச்சுக் கொடுத்தாரு. மடிக்காதீங்கன்னு அதட்டுனாங்க. சாரிங்கய்யான்னாரு. வேட்டி அவருது.

கூட்டத்துக்குப் போனோம். நீள மேசையில வேட்டி விரிஞ்சு கிடக்கு, பூச்சி மேல மைக்ராஸ்கோப்பு நிக்குது. பக்கத்துல ரெண்டு கறுப்புத் தாளு, ஒவ்வொண்ணுலயும் ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை. என்னன்னு விசாரிச்சேன். தலைப் பிரிவு பாக்கையில தலை மட்டும் தெரியணும், கால் தெரியக் கூடாது. கால் பிரிவு பாக்கையில தலை தெரியக் கூடாது. அடுத்த பிரிவோட உறுப்பப் பாக்குறது அத்துமீறலாம். போன வருசம் விஸ்வநாத் சார் ஒரு பூச்சியோட முழங்கால ஓரக்கண்ணால பாத்துட்டாருன்னு பெரிய விசாரணையே நடந்துச்சாம்.

விஸ்வநாத் சார் ஓட்டைக்குள்ள ரொம்ப நேரம் பாத்துட்டு, குட்டிக் கண்ணு ரெண்டும் தலை விளிம்புல இருக்கு, அதனால இன்ன வகையறான்னு வாயில நுழையாத பேரு ஒண்ணச் சொன்னாரு. ஸ்யாமளா மேடம் அவங்க தாளப் போட்டுப் பாத்துட்டு, கால் முள்ளு இப்படி இருக்க வகையறாவுக்குக் குட்டிக் கண்ணு விளிம்புல இருக்கவே இருக்காது, உச்சந்தலையிலதான் இருக்கும், அதனால இது வேற வகையறான்னு இன்னொரு பேரச் சொன்னாங்க.

அந்தத் தாள எடுத்துட்டு ஒரே தடவ முழுசாப் பாத்துட்டா என்னன்னு எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. மச்சான் என் தொடையக் கிள்ளிட்டாரு.

"தலைதான் முடிவு என்றால் இந்த மையத்தில் கால் பிரிவு எதற்கு?" என்று கேட்டார் ஸ்யாமளா.

"அதைத்தான் நானும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன்" என்றார் விஸ்வநாத்.

இயக்குநர் கையத் தூக்குனாரு. கண்ண மூடி யோசிச்சாரு. அப்பறம் தீர்மானம் சொன்னாரு. வேட்டியில இருக்கது ரெண்டு பூச்சி.

மச்சான் பயந்து பயந்து எந்திரிச்சு, "ஐயா, ஒண்ணுதாங்கய்யா. நான் தறியில நின்னு பாத்தேன்"னாரு.

"ஒன்று என்றால் ஒரு பிரிவு தவறு செய்துவிட்டது என்றாகும். இந்த மையத்தில் தவறு செய்யும் பிரிவு எதுவும் இல்லை. ஆகவே இரண்டு."

ரெண்டா இருந்தா ரெண்டா இருந்துட்டுப் போகுது, வேட்டியக் கொடுங்கன்னு நான் கைய நீட்டுனேன். அதெப்படி, வால்நுனி பாக்கணுமேன்னாரு இயக்குநர். வால்நுனி நூலுக்குள்ள சிக்கியிருக்கு. அதனால அந்த இடத்த மட்டும் ஒரு சதுரமா வெட்டி எடுக்கணும். மேசை டிராயரத் தெறந்து கத்திரிக்கோல எடுத்தாரு பாருங்க, மச்சான் ஓடிப்போயி வேட்டி மேல கவுந்து படுத்துட்டாரு. முகூர்த்த வேட்டியில கத்திரி படலாமா? ஆணா பொண்ணான்னு தெரிஞ்சு நான் என்னய்யா பண்ணப்போறேன், எம் பொண்ணுக்கு வார வெள்ளிக்கிழமை கல்யாணம்யான்னு அழுதுட்டாரு. ஒரு நல்ல மனுசன் இப்படி ஒரு மேசையில கவுந்து கிடந்து அழுகுறதப் பாக்க எனக்குச் சகிக்கல.

காப்பாத்துனது விஸ்வநாத் சார்தான். இரக்கத்துல இல்ல. வால்நுனிக்காரருக்குக் கடைசி வார்த்தை போயிரக் கூடாதுங்கிற வீம்புல. இப்படித் தலையும் இப்படிக் காலும் சேந்த பூச்சி இதுவரைக்கும் உலகத்துலயே பதிவாகல, அப்ப இது புது வகையறாவா இருக்கலாம், புதுசுன்னா இதுதான் மூலப்படிவம், அதாவது அந்த வகையறாவுக்கே மாதிரியா வைக்கிற மொதப் பூச்சி, மூலப்படிவத்துல கத்திரி வைக்க விதியில இடமில்லைன்னு ஒரு போடு போட்டாரு. ரெண்டு பூச்சின்னு தீர்மானம் போட்டு அஞ்சு நிமிசம் ஆகல, அதுக்குள்ள அது திரும்பவும் ஒரு பூச்சியாயிருச்சு.

இயக்குநர் கத்திரியக் கீழ வச்சாரு. மச்சான் கும்பிட்டாரு.

"நன்றி சொல்ல வேண்டாம். இது அறிவியலின் சொத்து" என்றார் இயக்குநர். "இனி இந்த வேட்டியைத் துவைக்கக் கூடாது. மடிக்கக் கூடாது. மையத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. குறிப்பாக, யாரும் இடுப்பில் கட்டக் கூடாது."

அன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பு எரியல. அக்கா, தறி ஓட்டுன கையாலயே கொண்டுபோயி எவனோ ஒருத்தன்கிட்ட வேட்டியக் கொடுத்துட்டு வந்திருக்கியே மனுசான்னு தலையில அடிச்சுக்கிட்டா. பாண்டிமீனா, இன்னொண்ணு நெய்யுங்கப்பா, ரெண்டாங் கல்யாணம் வந்தா வந்துட்டுப் போகுதுன்னு சொல்லி அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டா. மச்சான் தறிப் பக்கமே போகல. சந்துல போட்டிருந்த ஸ்டூல்ல உக்காந்து, "எம் மக வாழ்க்கைய நானே தூக்கிக் கொடுத்துட்டேன் மாப்ள"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. முகூர்த்தத்துக்கு மூணு நாளுதான் இருந்துச்சு.

எனக்குத் தூக்கம் வரல. அந்த இயக்குநர் ரூமு கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. செவரு முழுக்க போட்டோ. எல்லாத்துலயும் அவரு மைக்கப் பிடிச்சுப் பேசுறாரு. ஆனா எந்தப் போட்டோவுலயும் எதிர்ல ஒரு தலை கெடையாது, காலி சேருதான் வரிசையாத் தெரியும். அதை நெனச்சதும் எனக்குச் சட்டுனு பொறி தட்டுச்சு.

காலையில மொத வேலையா செல்லூர்ல ஃப்ளெக்ஸ் அடிக்கிற தம்பிகிட்டப் போனேன். மதுரையில காது குத்துக்கே வீட்டுக்கு வீடு ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், கல்யாணத்துக்கு வைக்க மாட்டமா? இயக்குநர் படத்த ஆள் உயரத்துக்குப் போட்டு, பின்னாடி ஒரு சிங்கத்தையும் போட்டு, 'தத்துப்பூச்சிகளின் தனிப்பெருந் தலைவரே, வருக வருக'ன்னு அடிச்சுக் கொண்டுபோயி அவரு ரூமுல விரிச்சுக் காட்டுனேன். எங்க கல்யாணத்துக்கு எண்ணூறு பேரு வருவாங்க, மைக் செட்டு உண்டு, நீங்கதான் சிறப்பு விருந்தினர், மூலப்படிவத்தப் பத்தி ஜனங்களுக்கு நாலு வார்த்தை சொல்லணும், சொல்லையில காட்டுறதுக்கு வேட்டி வேணும்லன்னேன்.

அவரு ஃப்ளெக்ஸையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் எண்ணூறு பேருமே உக்காந்து கேப்பாங்களான்னு மெதுவாக் கேட்டாரு. சாப்பாடு பேச்சுக்கு அப்பறம்தாங்கய்யான்னேன். அதோட விதி வளைஞ்சுது. மூலப்படிவத்தப் பொதுக் காட்சிக்கு வெளிய எடுத்துட்டுப் போக விதியில ஒரு இடம் இருக்கத்தான் செஞ்சுது. காட்சிப் பெட்டி ஒண்ணு வேணும். பெட்டிக்குப் பதிலா மாப்பிள்ளை மருதுவத் தற்காலிகத் தாங்கியா நியமிச்சாங்க. தாங்கி சம்மணம் போடக் கூடாது, வேட்டி மடங்கிரும். ஓமகுண்டத்துப் பக்கத்துல போகக் கூடாது. மஞ்சத் தண்ணி மேல படக் கூடாது. மூணு அதிகாரிகளும் தாங்கிய விட்டு நகராம நிப்பாங்க. நான் எல்லாத்துக்கும் சரின்னேன். மருதுகிட்டப் போன்ல சொன்னதுக்கு, மாமா, நான் பொண்ணுக்குத் தாலி கட்டலாமா, அதுக்கும் அனுமதி வாங்கணுமான்னு கேட்டான். நல்ல பிள்ளை.

அழகர்கோவில் ரோட்டுல மண்டபம். சுத்தி வயல். விடியக்காலை முகூர்த்தம், மண்டபம் பூரா சீரியல் லைட்டு. அழகர மனசுல நெனச்சு, வேட்டி நல்லபடியா மருது இடுப்புக்கு ஏறுனதும்தான் மச்சான் மூச்சே விட்டாரு. புள்ளி முழங்காலுக்குக் கீழ வந்துச்சு. பூமாலைய நீளமாப் போட்டு மறைச்சோம்.

இயக்குநருக்கு மொத வரிசையில காப்பி கொடுத்தேன். டம்ளருக்குள்ள பொத்துன்னு பச்சையா ஒண்ணு விழுந்துச்சு. லைட்டுக்கு வந்ததுதான், எங்க தறியில விழுந்ததுக்கு அண்ணனோ தம்பியோ. அவரு விரல விட்டு எடுத்துத் தூர எறிஞ்சுட்டு, "என்ன மண்டபம் இது, ஒரே கொசு"ன்னாரு. நான் வேற காப்பி கொண்டாந்து கொடுத்தேன்.

அப்பறம் பேசுனாரு.

"இந்த மையம் தொடங்கப்பட்ட நாள் முதல் ஒரு பூச்சியைக்கூடத் தவறாக அடையாளம் காட்டியதில்லை. காரணம், இதுவரை எதையும் அடையாளம் காட்டியதில்லை. அவசரப்படும் நிறுவனங்கள்தான் தவறு செய்யும். எங்களிடம் வந்த உழவர்களை எண்ணிப் பாருங்கள். பயிர் போகிறது என்று ஓடி வந்தார்கள். பொறுங்கள் என்றோம். பயிர் போயிற்று. ஆனால் பூச்சி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது."

ஜனங்க கைதட்டுனாங்க. சீக்கிரம் முடிப்பாருன்னுதான். அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

இதுவரைக்கும் சரி. மணவறையிலதான் சிக்கல். மருது சம்மணம் போடக் கூடாதுல்ல, அதனால அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டோம். ஓமகுண்டம் ஓரமா இருக்கதால ஐயரு அங்கிட்டு இருந்து கத்தி மந்திரம் சொல்றாரு. மூணு அதிகாரிகளும் லென்ச வச்சுக்கிட்டு அவன் காலச் சுத்தி நிக்கிறாங்க. சம்பந்தியம்மா கீழ இருந்து எல்லாத்தையும் பாத்துட்டாங்க. யாருய்யா அவங்கன்னு மச்சானக் கேட்டாங்க. மச்சானுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. கே.கே. நகர் கண் டாக்டருங்கன்னு சொல்லிட்டாரு.

"கண் டாக்டருக்கு எம் மகன் முழங்கால்ல என்ன வேலை?"

மச்சான், முழங்கால் வலின்னு வாய் தவறிச் சொன்னாரு. அவ்வளவுதான். எம் மகனுக்கா முழங்கால் வலி, எந்தப் பொறாமை பிடிச்சவ சொன்னான்னு கேட்டுக்கிட்டே சம்பந்தியம்மா முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு மணவறையில ஏறிட்டாங்க. மேளக்காரரு வாசிப்ப நிறுத்திட்டாரு. அக்கா எங் கையப் பிடிச்சா. மச்சான், சம்பந்தி, சம்பந்தின்னுக்கிட்டே அவங்க பின்னாடி ஓடுறாரு. அந்தம்மா மருதுவோட பூமாலைய ஒதுக்குனாங்க. குனிஞ்சாங்க. புள்ளியப் பாத்தாங்க.

எனக்கு உசுரே நின்னுருச்சு.

"இது என்னப்பா அழுக்கு"ன்னு சொல்லி, நகத்தால ஒரு சுண்டு சுண்டுனாங்க.

பூச்சி போயிருச்சு. வேட்டி வெள்ளையா இருந்துச்சு. கறையும் இல்ல, பச்சையும் இல்ல, அங்க ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்ல அடையாளமே இல்ல. "முழங்கால் நல்லாத்தான இருக்கு? சம்மணம் போட்டு உக்காருடா"ன்னு மகன ஒரு அதட்டு அதட்டிட்டுச் சேரத் தூக்கி ஓரமா வச்சாங்க. மருது உக்காந்தான். மச்சான் அந்த இடத்துலயே பொலபொலன்னு அழுதாரு. பொண்ணப் பிரியுற துக்கம்னு நெனச்சு சம்பந்தியம்மா அவரு கையப் பிடிச்சு, மகளா வச்சுக்கிறேண்ணே, கவலப்படாதீகன்னு சொன்னாங்க. இம்புட்டு நாளும் இவங்களுக்குப் பயந்துதான் நாங்க அம்புட்டுக் கூத்தும் அடிச்சோம்.

"யாரும் அசையாதீர்கள்!"

இயக்குநர்தான். மூலப்படிவம் விழுந்துருச்சு, எங்க விழுந்துச்சுன்னு தெரியல. முகூர்த்த நேரம் வேற வந்துருச்சு. ஐயரு கெட்டிமேளம்னாரு. நாயனமும் தவிலும் ஒண்ணாக் கெளம்புச்சு, அவரு கத்துனது யாரு காதுலயும் விழல. எண்ணூறு பேரும் அட்சதையப் போட்டாங்க. மூணு முனைவர்களும் மணவறையில முட்டி போட்டு, லென்ச வச்சுக்கிட்டு, கொட்டுற மஞ்சள் அரிசிக்கு நடுவுல தேடுறாங்க. விஸ்வநாத் சார் ஸ்யாமளா மேடத்துக்கிட்ட, தலை தெரிஞ்சா என்னைக் கூப்பிடுங்க, நீங்க பாக்காதீங்கன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. மருது அவங்களத் தாண்டிக் கைய நீட்டித் தாலியக் கட்டுனான். கல்யாண ஆல்பத்துல மொதப் படமே அதான். மூணு பெரியவங்க பொண்ணு மாப்பிள்ளை கால்ல விழுந்து கிடக்காங்க. மேலூர்ல அந்தப் படத்தப் பாத்தவங்கெல்லாம், செல்லூர்க்காரங்க பெரிய எடம் போலன்னு பேசிக்கிட்டாங்களாம்.

மத்தியானம் மண்டபத்தக் கூட்ட விடல. மணவறையில கெடந்த அரிசி, பூவு, தூசி அம்புட்டையும் மூட்டையாக் கட்டி ஆட்டோவுல ஏத்திக்கிட்டு மையத்துக்குப் போயிட்டாங்க. ஒழிஞ்சுதுடா சனின்னு நானும் மறந்துட்டேன்.

தைக்கு அப்பறம் எங்க ரெண்டு பேருக்கும் மையத்துல இருந்து அழைப்பு வந்துச்சு. பாராட்டு விழாவாம். மச்சான் வர மாட்டேன்னாரு, அக்காதான் போயிட்டு வாங்க, இல்லாட்டி வீட்டுக்கே வந்துருவாங்கன்னு தொரத்துனா. போனோம். மச்சானுக்குச் சால்வை போத்துனாங்க. மேடையில கண்ணாடிப் பெட்டி, அதுக்குள்ள வெள்ளப் பஞ்சு, அதுக்கு மேல ஒத்தையா ஒண்ணு இருக்கு.

"நெடுநாள் தேடலுக்குப் பின் மூலப்படிவம் மீட்கப்பட்டது" என்றார் இயக்குநர். "உலகுக்கே புதிய பேரினம். இந்த மையத்தின் வரலாற்றில் முதன்முறையாக எல்லாப் பிரிவுகளும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. தலைப் பிரிவு பார்த்தது, தலை இல்லை என்றது. கால் பிரிவு பார்த்தது, கால் இல்லை என்றது. வால்நுனி இல்லை என்று நானே கண்டேன். சிறகுப் பிரிவில் இப்போதும் ஆள் இல்லை. ஆகவே எவ்வித மறுப்பும் எழவில்லை."

நானும் மச்சானும் பெட்டிக்கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தோம். நீளமா, வழுவழுன்னு, மஞ்சளா இருந்துச்சு. ஒரு முனையில லேசா உடைஞ்சிருந்துச்சு.

மச்சான் என் காதுக்கிட்ட வந்து, "மாப்ள, இது அரிசி. சொல்லிருவமா?"ன்னாரு.

"பேசாம கைதட்டுங்க மச்சான்"னேன். "அரிசின்னு சொன்னா, எந்த அரிசின்னு பாக்கணும், வீட்டுல இருக்க மூட்டையக் கொண்டாங்கன்னுவாங்க."

மச்சான் தட்டுனாரு. எல்லாரும் நிறுத்துன பெறகும், அவரு பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருந்தாரு.